புரோட்டான் பம்பைத் தேடும் ஆன்டிபாடி: ஒரு லேபிளைப் படிக்கப் பழகுவோம்

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் கையில் சீனியர் ஒருவர் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குட்டிக் குழாயை எடுத்துக் கொடுப்பார். சுண்டுவிரலில் பாதி உயரம்தான் இருக்கும். உள்ளே 100 மைக்ரோலிட்டர் திரவம். கண்ணுக்கு விடும் மருந்துக் கணக்கில் சொன்னால் இரண்டு சொட்டு. "பார்த்துப் பிடி, பல ஆயிரம் ரூபாய்" என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும். குழாயின் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு லேபிள்: ஏடிபி6வி1ஏ ஆன்டிபாடி, முயல், பாலிகுளோனல், மனிதன், சுண்டெலி, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்.

இதில் எந்தச் சொல்லும் சும்மா போட்டது இல்லை. ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டாலும் மூன்று மாத உழைப்பு வீணாகலாம். அதனால் லேபிளையே பாடமாக வைத்துக்கொண்டு போவோம். முதலில், இந்த ஆன்டிபாடி யாரைத் தேடுகிறது என்று பார்த்துவிடலாம்.

புரோட்டான் பம்ப் என்ற பெயரை மருந்துக் கடை வழியாக உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுக்கிற ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் புரோட்டான் பம்பை அடைக்கும் மருந்துகள்தான். ஆனால் அவை அடைப்பது இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களில் இருக்கும் பம்ப்பை. நம் குழாய் தேடுவது இன்னொன்று. வேலை ஒன்றாக இருந்தாலும் குடும்பம் வேறு, உருவமும் வேறு. இதற்கு வி-ஏடிபேஸ் என்று பெயர். இரைப்பையில் மட்டும் இல்லை, உங்கள் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஈஸ்ட்டிலும் செடியிலும் பூச்சியிலும்கூட இருக்கிறது.

புரோட்டான் என்று இங்கே சொல்வது, எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணுவை. ஓரிடத்தில் புரோட்டான் கூடினால் அந்த இடம் அமிலமாகிறது, அவ்வளவுதான். செல்லுக்குள் லைசோசோம் என்றொரு பை உண்டு. 1955-இல் கிறிஸ்டியன் டி டுவ் அதற்குப் பெயர் வைத்தார், பிற்பாடு 1974-இல் நோபல் பரிசும் பெற்றார். பழுதான புரதங்கள், வெளியிலிருந்து விழுங்கிய பொருட்கள் எல்லாம் அந்தப் பைக்குள் போய்தான் உடைபடுகின்றன. உடைக்கும் நொதிகளுக்கு நல்ல புளிப்பு வேண்டும். செல்லின் பொதுவான திரவத்தில் பி.எச். சுமார் 7.2. லைசோசோமுக்குள் 4.5-இலிருந்து 5 வரை. பி.எச். ஒரு எண் இறங்கினால் புரோட்டான் பத்து மடங்கு கூடும் என்பதால், பைக்குள் இருக்கும் நெருக்கம் வெளியே இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். இந்த ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. பை கிழிந்து நொதி வெளியே கொட்டினாலும், 7.2-இல் அவற்றில் பலவற்றின் வீரியம் குறைந்துவிடும்.

ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் இடத்துக்குள் இன்னும் புரோட்டானைத் தள்ளுவது என்றால் பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுகிற வேலை. அதற்குச் சக்தி செலவாகும். அந்த வேலையைத்தான் வி-ஏடிபேஸ் செய்கிறது, அதுவும் சுழன்று செய்கிறது. பம்ப்புக்கு இரண்டு பாகம். பையின் சவ்வில் புதைந்திருப்பது வி0. சவ்வுக்கு வெளியே, செல்லின் திரவத்தில் நீட்டிக்கொண்டிருப்பது வி1. வி1-இல் ஏ என்ற புரதம் மூன்றும் பி என்ற புரதம் மூன்றும் மாறி மாறி, சாத்துக்குடிச் சுளைகள் மாதிரி வட்டமாக அடுக்கியிருக்கும். ஏடிபி என்கிற எரிபொருள் மூலக்கூறு அங்கேதான் உடைகிறது. மூன்று ஏடிபி உடைந்தால் நடுவில் இருக்கும் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். அந்தத் தண்டோடு சேர்ந்து வி0-இல் இருக்கும் ஒரு வளையமும் சுற்றும். சுற்றிலும் வாளி கட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலூட்டிகளில் அந்த வளையத்துக்குப் பத்து வாளி. ஆக, ஒரு சுற்றுக்குப் பத்துப் புரோட்டான் உள்ளே போகிறது.

லேபிளின் முதல் சொல் இப்போது புரியும். ஏடிபி6வி1ஏ என்பது முழு பம்ப்பின் பெயர் இல்லை. வி1 பாகத்தில் இருக்கும் ஏ என்ற ஒரே ஒரு துணையலகின் பெயர். மனிதனில் அது 617 அமினோ அமிலம் கொண்ட புரதம், எடை சுமார் 68 கிலோடால்டன் (புரதங்களை எடைபோடும் அலகு இது). அதன் பக்கத்துச் சுளையான பி, சுமார் 56. வளையத்தின் ஒரு வாளியான சி, வெறும் 16 அல்லது 17. எல்லாரும் ஒரே பம்ப்பின் உறுப்புகள்தான் என்றாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆன்டிபாடி வேண்டும். "பம்ப்புக்கு ஆன்டிபாடி இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால், "எந்தத் துணையலகுக்கு?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாமல் ஏற்படும் குழப்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

முயல் எப்படி இதற்குள் வந்தது?

ஆன்டிபாடியைப் பள்ளிப் புத்தகங்கள் எதிர்ப்பொருள் என்று சொல்லும். ஆய்வகத்தில் எல்லாரும் ஆன்டிபாடி என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். உடலுக்குள் அந்நியப் பொருள் நுழைந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் செய்யும் ஒய் வடிவப் புரதம் இது. எடை சுமார் 150 கிலோடால்டன். ஒய்யின் இரண்டு கை நுனிகளும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டும் போய் ஒட்டும். ஒட்டும் அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். பல சமயம் அது ஐந்தாறு அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துணுக்குதான். 617-இல் ஐந்தாறு! ஆன்டிபாடி முழுப் புரதத்தையும் பார்ப்பதே இல்லை. ஒரு ஆளை அவர் கைரேகையின் ஒரு கீற்றை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது போன்ற வேலை அது.

முயலுக்கு அந்தப் புரதத்தின் ஒரு துண்டை ஊசி மூலம் கொடுத்தால், அதன் உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்யும். அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொள்ளலாம். துண்டு மிகச் சிறியது என்றால் முயலின் உடல் அதைச் சட்டை செய்யாது. அதனால் ஒரு பெரிய புரதத்தின் மேல் அதை ஒட்டிக் கொடுப்பார்கள். அதற்கு அதிகம் பயன்படுவது கலிபோர்னியக் கடலோரத்தில் வாழும் ஒரு கடல் நத்தையின் ரத்தப் புரதம். முயலுக்கு அது முற்றிலும் அந்நியம் என்பதால் எதிர்ப்பு பலமாக எழும்.

இந்த இடத்தில் நம் பம்ப்புக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வி-ஏடிபேஸ் மிகப் பழைய இயந்திரம். பரிணாமம் அதை அதிகம் மாற்றவே இல்லை. மனிதனின் ஏ துணையலகும் முயலின் ஏ துணையலகும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தன்னுடைய புரதத்தைத் தாக்கக் கூடாது என்று முயலின் உடல் பழகியிருக்கிறது. அதே மாதிரி ஒன்றை வெளியிலிருந்து கொடுத்தால் அதை அந்நியமாக எப்படிப் பார்க்கும்? அதனால் தயாரிப்பவர்கள் அமினோ அமில வரிசை முழுவதையும் ஒப்பிட்டு, கொஞ்சமாவது வித்தியாசம் உள்ள, புரதத்தின் வெளிப்பக்கம் தெரியும் ஒரு துண்டாகத் தேடி எடுக்கிறார்கள். இதே ஒற்றுமையால் ஒரு நன்மையும் உண்டு. மனிதப் புரதத்துக்குச் செய்த ஆன்டிபாடி சுண்டெலி, எலி, மாடு என்று பல உயிர்களிலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். லேபிளில் இரண்டு உயிர்களின் பெயர் இருப்பது அதனால்தான். ஆனால் குழாயோடு வரும் தகவல் தாளில் "சோதித்தது" என்று போட்டிருக்கிறதா, "எதிர்பார்ப்பது" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எதிர்பார்ப்பது என்றால் யாரும் செய்து பார்க்கவில்லை, வரிசை ஒத்துப்போகிறது என்று மட்டும்தான் பொருள்.

உடல் தன்னுடைய புரதத்தைத் தாக்காது என்று சொன்னேன். தவறிப்போவதும் உண்டு. முதலில் பார்த்த இரைப்பைப் பம்ப் இருக்கிறதே, அதற்கு எதிராகச் சிலரின் உடல் தானாகவே ஆன்டிபாடி செய்துவிடும். அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்து, பி12 வைட்டமினை உறிஞ்ச முடியாமல் ரத்தசோகை வரும். ஆய்வகத்தில் நாம் முயலிடம் கேட்டு வாங்குவது, அங்கே நோயாக வந்து நிற்கிறது.

பாலிகுளோனல் என்றால் முயலின் பல நோய் எதிர்ப்புச் செல்கள் செய்த பலவித ஆன்டிபாடிகளின் கலவை. ஒன்று துண்டின் தலையில் ஒட்டும், ஒன்று இடுப்பில், ஒன்று காலில். சமிக்ஞை பலமாகக் கிடைக்கும், ஆனால் அந்த முயல் இறந்த பிறகு அதே கலவை மறுபடி கிடைக்காது. அடுத்த முயல், அடுத்த கலவை. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரு வழி கண்டார்கள். ஆன்டிபாடி செய்யும் ஒரே ஒரு செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை எவ்வளவு வேண்டுமானாலும் செய்ய வைத்தார்கள். அதுதான் மோனோகுளோனல். 1984-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது இன்னும் ஒரு படி மேலே, ஆன்டிபாடியின் மரபணு வரிசையையே படித்து வைத்துக்கொண்டு வளர்ப்புச் செல்லில் செய்யச் சொல்கிறார்கள். இந்த ரீகாம்பினன்ட் வகை கிடைக்கும் இடத்தில் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து. வரிசை தெரிந்திருப்பதால் பத்து வருடம் கழித்தும் அதே பொருள் கிடைக்கும்.

கோடு தெரியும் வரை

சரி, குழாய் கையில் இருக்கிறது. என்ன செய்வது? அதிகம் செய்வது வெஸ்டர்ன் பிளாட். செல்களை உடைத்துப் புரதங்களை எடுத்து, எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளோடு சூடாக்கினால் ஒவ்வொரு புரதமும் மடிப்பு கலைந்து நீண்ட நூலாகிவிடும். அதை ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டினால் சிறியவை வேகமாக இறங்கும், பெரியவை மேலேயே தங்கும். பிறகு ஜெல்லில் இருப்பதை அப்படியே ஒரு மெல்லிய சவ்வுத் தாளுக்கு மாற்றுவோம்.

மாற்றியது சரியாக வந்ததா என்று பார்க்க, போன்சோ என்ற சிவப்புச் சாயத்தில் தாளை ஒரு நிமிடம் நனைப்பார்கள். வரிசை வரிசையாக ரோஜா நிறக் கோடுகள் ஏணி மாதிரி எழும்பி வரும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. செல்லின் ஆயிரக்கணக்கான புரதங்கள் அந்தத் தாளில் இருக்கின்றன, இவற்றில் நம்முடையது எது என்று இன்னும் தெரியாது. சாயத்தைக் கழுவிவிட்டு, கொழுப்பு நீக்கிய பால் பவுடரை 5 சதவீதம் கரைத்து அதில் தாளை ஊற வைப்போம். காபிக்குக் கலக்கும் அதே மாதிரிப் பால் பவுடர்தான். தாளில் காலியாக இருக்கும் இடமெல்லாம் பாலின் புரதம் போய் உட்கார்ந்துகொண்டால், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது.

அப்புறம்தான் நம் குழாய். பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, இரவு முழுக்கக் குளிர் அறையில் மெதுவாக ஆட்டிக்கொண்டே வைப்போம். காலையில் கழுவிவிட்டு இரண்டாவது ஆன்டிபாடி. இது முயலின் ஆன்டிபாடியைப் பிடிக்கும்படி ஆட்டில் செய்தது. லேபிளில் முயல் என்று எழுதியிருப்பதை மறந்து, சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவதை ஊற்றினால் தாள் வெறுமையாகவே இருக்கும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். இரண்டாவதின் முதுகில் பெராக்ஸிடேஸ் நொதி கட்டியிருக்கும். அதற்கான திரவத்தை ஊற்றினால் மெல்லிய ஒளி பிறக்கும். கேமரா அந்த ஒளியைப் படம் பிடிக்கும். 70 கிலோடால்டனை ஒட்டி ஒரே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் எல்லார் முகத்திலும் சிரிப்பு.

இங்கே என் அனுபவம் ஒன்று. படிக்கிற காலத்தில் வளையத்தின் சி துணையலகைத் தேடினேன். 17-இல் கோடு வரவேண்டும். மூன்று முறை செய்தும் அங்கே ஒன்றும் இல்லை, ஜெல்லின் உச்சியில் மட்டும் மை கொட்டிய மாதிரி ஒரு கறை. ஆன்டிபாடி கெட்டது என்று முடிவு கட்டி, புதிதாக வாங்கக் கடிதம்கூட எழுதிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: "சாம்பிளைக் கொதிக்க வச்சியா?" வைத்திருந்தேன், 95 டிகிரியில் ஐந்து நிமிடம், எல்லாப் புரதத்துக்கும் செய்வது போல. சி என்பது சவ்வுக்குள் முழுக்கப் புதைந்து வாழும், எண்ணெய்ப் பசை மிகுந்த புரதம். அப்படிப்பட்டவற்றைக் கொதிக்க வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, ஜெல்லுக்குள் நுழையாமல் உச்சியிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஓட்டினேன். 17-இல் கோடு பளிச்சென்று வந்தது. திரவத்தில் இருக்கும் ஏ துணையலகுக்கு இந்தத் தொல்லை இல்லை, கொதிக்க வைக்கலாம். ஒரே பம்ப், ஒரு பாகத்துக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி.

கோடு எதிர்பார்த்த இடத்தில் வராததெல்லாம் தவறு என்றும் நினைத்துவிடக் கூடாது. ஈஸ்ட்டில் இதே ஏ துணையலகின் மரபணுவைப் படித்தபோது, அது 119 கிலோடால்டன் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று கணக்கு சொன்னது. செல்லில் இருந்ததோ 69. என்ன நடக்கிறது என்று 1990-இல் தெரிய வந்தது. முழுப் புரதமும் முதலில் உருவாகிறது. பிறகு நடுவில் இருக்கும் 50 கிலோடால்டன் துண்டு தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறுகிறது. இரண்டு முனைகளும் மறுபடி ஒட்டி 69 ஆகின்றன. புரதம் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்ளும் என்று உலகுக்கு முதலில் காட்டியது இந்தப் பம்ப்தான். அன்றைக்கு "கணக்கு தப்பு" என்று யாராவது ஒதுக்கியிருந்தால் எவ்வளவு பெரிய விஷயம் கைநழுவியிருக்கும்!

எங்கே இருக்கிறது என்ற கேள்வி

பிளாட்டில் செல்லை உடைத்துவிடுகிறோம், அதனால் புரதம் எங்கே இருந்தது என்பது போய்விடும். இடம் தெரிய வேண்டுமென்றால் செல்லையோ திசுவையோ உடைக்காமல் பதப்படுத்தி, மெல்லியதாகச் சீவி, அதன் மேல் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். இரண்டாவது ஆன்டிபாடியில் நொதிக்குப் பதிலாக ஒளிரும் சாயம் இருக்கும். 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கி வைத்த உத்தி இது.

இந்த உத்தி நம் பம்ப்பின் கதையில் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது. சிறுநீரகத்தில் சிறுநீர் கடைசியாகக் கடந்து போகும் நுண்குழாய்களின் சுவரில் இன்டர்கலேட்டட் செல்கள் என்று சில இருக்கின்றன. ரத்தத்தில் அமிலம் கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வது இவற்றின் பொறுப்பு. ஸ்டீபன் கிளக், மாட்டுச் சிறுநீரகத்திலிருந்து இந்தப் பம்ப்பைப் பிரித்தெடுத்து அதற்கு ஆன்டிபாடி செய்தவர். அவரும் டென்னிஸ் பிரவுனும் ஹிர்ஷும் சேர்ந்து அதை எலியின் சிறுநீரகத் திசுவில் ஊற்றிப் பார்த்தார்கள். சில செல்களில் ஒளி சிறுநீர் ஓடும் பக்கத்தில் கோடு கட்டி நின்றது. வேறு சில செல்களில் நேர் எதிராக, ரத்தம் இருக்கும் பக்கத்தில் நின்றது. ஒரே பம்ப், ஒரே குழாய், பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நெருங்கி இருக்கும் செல்கள், திசை மட்டும் எதிரெதிர். முதல் வகை அமிலத்தைச் சிறுநீருக்குள் தள்ளுகிறது. இரண்டாம் வகை அமிலத்தை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பி, காரத்தைச் சிறுநீருக்கு விடுகிறது. 1988-இல் இது வெளியானது. புரதத்தின் அளவை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த ஆண்டே, எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களில் இந்தப் பம்ப் எலும்பைத் தொடும் பக்கத்தில் மட்டும் குவிந்திருப்பதும் ஆன்டிபாடி மூலம் தெரிய வந்தது. அந்த அமிலம்தான் எலும்பின் கால்சியத்தைக் கரைக்கிறது.

1992-இல் வெளியான ஒரு நோயாளியின் கதை என் மனதில் இன்னும் நிற்கிறது. அவருக்கு ஷோக்ரன் நோய், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தி தன் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளையே தாக்கும் நோய். கூடவே சிறுநீரில் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் ரத்தம் அமிலமாகிக்கொண்டிருந்தது. சிறுநீரகத் துணுக்கு எடுத்துப் பம்ப்பின் ஆன்டிபாடியை ஊற்றியபோது, ஒளிர வேண்டிய செல்கள் இருட்டாக இருந்தன. பம்ப் அங்கே காணவில்லை. மருத்துவர்கள் ரத்தத்திலும் சிறுநீரிலும் எண்ணாகப் பார்த்ததற்குக் கண்ணெதிரே ஒரு காரணம் கிடைத்தது.

பிளாட்டில் நன்றாக வேலை செய்யும் ஆன்டிபாடி திசுவில் தோற்றுப்போவது சாதாரணம். பிளாட்டில் புரதம் நூலாகப் பிரிந்து கிடக்கிறது. திசுவில் மடிந்து, பக்கத்துப் புரதங்களோடு பின்னிக்கொண்டு நிற்கிறது. ஆன்டிபாடி தேடும் ஐந்தாறு அமினோ அமிலம் உள்ளே ஒளிந்திருந்தால் தொட முடியாது. தகவல் தாளில் எந்தெந்த முறைக்குச் சோதித்திருக்கிறார்கள் என்று தனித்தனியே போட்டிருப்பது இதற்காகத்தான்.

எந்த முருகன்?

கிராமத்தில் போய் "முருகன் வீடு எது?" என்று கேட்டால், கேட்டவர் தனக்குத் தெரிந்த முருகன் வீட்டைக் காட்டுவார். அது நீங்கள் தேடி வந்த முருகன் தானா என்று விசாரிப்பது உங்கள் வேலை. பி துணையலகில் இந்தப் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பி1, பி2 என்று இரண்டு உண்டு. எடை கிட்டத்தட்ட ஒன்று, வரிசையும் பெரும்பகுதி ஒன்று, முனைகளில்தான் வித்தியாசம். பி2 எங்கும் இருக்கும். பி1 சிறுநீரகத்தின் இன்டர்கலேட்டட் செல், உட்காது போன்ற சில இடங்களில் மட்டும். பி1 மரபணு பழுதானால் குழந்தைக்கு ரத்தத்தில் அமிலம் கூடும் நோயும் காது கேளாமையும் சேர்ந்து வரலாம் என்று 1999-இல் கண்டார்கள். அப்படியிருக்க, நடுப்பகுதிக்கு எதிராகச் செய்த ஆன்டிபாடியை வைத்துக்கொண்டு "பி1 இருக்கிறது" என்று எழுதினால், பார்த்தது பி2-வாக இருக்கலாம். முனைக்கு எதிராகச் செய்ததா என்று கேளுங்கள்.

ஆன்டிபாடி சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது? நேர்மையான வழி, அந்தப் புரதமே இல்லாத செல்லில் அதே ஆன்டிபாடியைப் போட்டுப் பார்ப்பது. கோடு மறைந்தால் சரி. மறையாமல் நின்றால், அது வேறு யாரையோ காட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் பம்ப்பில் இதுவும் சுலபம் இல்லை. பம்ப் இல்லாமல் செல் பிழைக்காது. வளையத்தின் சி துணையலகு இல்லாத சுண்டெலிக் கரு, கருப்பையில் ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே இறந்துவிடுகிறது. அதனால் மரபணுவை அடியோடு நீக்காமல், சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளால் அதன் குரலைச் சில நாட்களுக்கு அடக்கிப் பார்க்கிறார்கள். அடக்கிய அளவுக்குக் கோடும் மங்க வேண்டும். அதோடு, வேறு துண்டுக்கு எதிராகச் செய்த இரண்டாவது ஆன்டிபாடியும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். திசுவில் என்றால், லைசோசோம் சவ்வின் அடையாளமான லாம்ப்1 என்ற புரதம் ஒளிரும் இடத்திலேயே நம்முடையதும் ஒளிர்கிறதா என்று பார்க்கலாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2015-இல் நூறுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, ஆன்டிபாடிகளைத் தரப்படுத்த வேண்டும் என்று பொதுவில் கோரிக்கை வைத்தார்கள். 2023-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், 65 புரதங்களுக்கு எதிராக விற்கப்படும் 614 ஆன்டிபாடிகளை, அந்தப் புரதம் இல்லாத செல்களோடு வைத்து ஒப்பிட்டார்கள். இலக்கைக் காட்டவே காட்டாத ஆன்டிபாடிகளை வைத்து எடுத்த முடிவுகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளில் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அந்தக் கட்டுரைகளை நம்பி அடுத்தவர்கள் செலவழித்த நாட்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

வைத்துக்கொள்ளும் முறை பற்றிக் கொஞ்சம். கிளிசரால் பாதி கலந்திருந்தால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது, அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம். கலக்காதது என்றால் முதல் நாளே சிறு சிறு பங்காகப் பிரித்து வையுங்கள். உறைவதும் உருகுவதுமாக இருந்தால் ஆன்டிபாடி சிதையும். நுண்ணுயிர்கள் வளராமல் இருக்க சோடியம் அசைடு போட்டிருப்பார்கள். அது பெராக்ஸிடேஸ் நொதியை முடக்கும் என்பதால், இரண்டாவது ஆன்டிபாடியைக் கரைக்கும் பஃபர் திரவத்தில் அது இருக்கக் கூடாது. குழாயின் லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்ணை, நோட்டில் எழுதி வையுங்கள். பாலிகுளோனல் என்றால் அது மிக முக்கியம்.

கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல ஆன்டிபாடி வைத்திருப்பவர்களும் தடுமாறுவது இங்கேதான். கோடு இருந்தால் புரதம் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பது கோட்டில் தெரியாது. ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸைக் கொடுக்காமல் நிறுத்தினால், சில நிமிடங்களுக்குள் வி1 பாகம் வி0-ஐ விட்டுக் கழன்று செல் திரவத்தில் மிதக்கத் தொடங்கும். சக்தி இல்லாத நேரத்தில் பம்ப்பை நிறுத்திவைக்க செல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. குளுக்கோஸ் திரும்பக் கிடைத்தால் மறுபடி போய் மாட்டிக்கொள்ளும். இந்த நேரத்தில் செல்லை மொத்தமாக உடைத்து ஏ துணையலகைத் தேடினால் கோடு கொஞ்சமும் மாறியிருக்காது. சவ்வைத் தனியாகவும் திரவத்தைத் தனியாகவும் பிரித்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால்தான் சவ்வில் மங்கியதும் திரவத்தில் கூடியதும் தெரியும்.

இதைவிட எளிய சோதனையும் இருக்கிறது, புதிய மாணவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். செல்களை இரண்டு தட்டில் வளர்த்து, ஒன்றில் மட்டும் பம்ப்பை அடைக்கும் பாஃபிலோமைசினைச் சில மணி நேரம் விடுங்கள். இரண்டு தட்டிலும் அமிலப் பைகளில் மட்டும் சேரும் சிவப்புச் சாயத்தைப் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். மருந்து விடாத தட்டில் செல்லுக்குள் சிவப்புப் புள்ளிகள் கடுகு தாளித்த மாதிரி இறைந்து கிடக்கும். மருந்து விட்டதில் அவை அணைந்துபோயிருக்கும். பிறகு அதே செல்களை உடைத்து, அந்தக் குட்டிக் குழாயிலிருந்து ஆன்டிபாடி எடுத்து பிளாட் செய்யுங்கள். 70-ஐ ஒட்டி இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரிக் கறுப்புக் கோடு.